முருகேசர் நாக்கில் வைத்த ஒரு கரண்டி

உரும்பிராயிலிருந்து வந்த பஸ் கொண்டக்டர் காலையில் என் வாசலில் நின்று, "ஐயா, உங்கடை கிளப் முருகேசர் மோசம் போயிட்டாராம்" என்றான். சாவுச் செய்தி கேட்டுக் கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டேன். எங்கள் கிளப்பில் இருபது வருஷம் விருந்துகளுக்குப் பெரிய கிண்ணத்தில் பஞ்ச் கலந்த மனிதர். அவர் கலந்ததைக் குடித்தவர்களுக்கும் குடிக்க மறுத்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சாராயம், தேசிக்காய்ச் சாறு, சீனி, ஆறவைத்த தேயிலைச் சாயம், மேலே சுரண்டிய சாதிக்காய். துரைமார் தலையாட்டிக் குடித்த பஞ்ச் அதுதான். கலந்தவரோ ஒரு சொட்டும் குடித்ததில்லை. குடியால் செத்த தகப்பனாருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்த கையோடு, கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியவர். அளவெல்லாம் மூக்குத்தான். "நாக்கு ஆசையிலை பொய் சொல்லும், தம்பி. மூக்கு சொல்லாது" என்பார். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கெட்டிக்காரருக்கு அது இருந்தால்தான் என்ன?

நீதவான் ஒருவருக்குப் பிரியாவிடை விருந்து வைத்தோம். கோப்பாய் மதுவிலக்குச் சபையாரை அழைத்தால், கிளப் என்றதுமே முகத்தைத் திருப்பினார்கள். முருகேசர் தாமே சைக்கிளில் போய்ச் சபைத் தலைவரிடம், "உங்கடை கிண்ணம் புறம்பு. அதிலை ஒரு சொட்டுச் சாராயமும் விழாது. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சொல்லை நம்பி எட்டுப் பேர் வந்தார்கள்.

எஞ்சினியர் துரை அன்று, கொழும்புத் துறைமுகத்தில் ஏதோ கப்பலில் வாங்கிய வொட்காப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முருகேசர் முகர்ந்து பார்த்து, ஒரு மணமும் வராமல் போக, "உதென்ன, கிணத்துத் தண்ணியோ?" என்று சிரித்தார். அவர் குசினிக்குள் போன நேரம் பார்த்து, விளையாட்டுக்காக, துரை அதைச் சபையாரின் கிண்ணத்தில் சாய்த்தார். நான் கண்டேன். கிளப்பின் செயலாளர் நான். கந்தோரில் அந்தத் துரைக்குக் கீழே வேலை பார்ப்பவனும் நான். வாயை மூடிக்கொண்டேன்.

சபைத் தலைவர் கோப்பையை உயர்த்தியபோது, பாதியாகக் குறைந்திருந்த போத்தலில் முருகேசரின் கண் விழுந்தது. "கொஞ்சம் பொறுங்கோ!" என்று ஓடிவந்து கிண்ணத்தின் மேல் குனிந்து முகர்ந்தார். தேசிக்காய் மணம் மட்டுமே வந்தது போலும்; மறுபடியும் முகர்ந்தார். பிறகு எல்லார் முன்னிலையிலும் ஒரு கரண்டி அள்ளி நாக்கில் வைத்தார்.

"நாக்கு எரியுது. ஐயாமார், ஒருதரும் குடியாதேங்கோ."

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் ஊற்றினார். துரை மட்டும் சிரித்தார்.

குசினியில் அவரிடம் கேட்டேன்: "அண்ணை, கற்பூரம் அணைச்ச சத்தியமெல்லோ?"

"என்ரை சத்தியம் போனால் என்னோடை. அவையின்ரை போனால் என்ரை சொல்லாலை போனதெல்லோ." வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "ஊத்தினதை நீர் கண்டனீரோ, தம்பி?"

"இல்லை அண்ணை" என்றேன்.

அதன்பிறகு அவர் அதைப்பற்றிக் கதைக்கவேயில்லை. முந்திய மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் என்னை இத்தனை வருஷமும் சுட்டது.

பஞ்ச் கலக்கும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். அவரை அறிந்த உங்கள் எல்லார் முன்னிலையிலும் இன்று மறுமொழி சொல்லுகிறேன்.

ஓம் அண்ணை, கண்டனான்.