எப்போதும்வென்றானில் ஓர் அலமாரி

மரிய செல்வம் அக்காவின் அலமாரிக்கு முன்னால் டார்ச்சோடு மண்டியிட்டிருக்கிறேன். உள்ளே இருந்த பைபிளும் பருத்தி விதை மூட்டையும் இப்போது கட்டிலில் இருக்கின்றன. பழைய மரச்சாமான்களைப் பார்த்து வயதும் ஊரும் சொல்வது என் தொழில். “எங்கள் அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது, கொடு” என்று அக்காவின் கொழுந்தன் கேட்கிறாராம். தன் அப்பா தூத்துக்குடி ஆசாரியிடம் செய்து வாங்கிக் கொடுத்த சீதனம் என்கிறார் அக்கா. கணவர் இறந்ததிலிருந்து இதே வழக்கு.

கதவு பர்மா தேக்கு. அதில் செதுக்கியிருக்கும் மயிலுக்கும் அந்த ஊர்ச் சாயல்தான். ரங்கூன் என்று எழுதிவிட்டேன். அப்போதுதான் இழுப்பறையை உருவிப் பார்க்கிறேன். அடிப்பலகை நம்மூர்ப் பூவரசு. பின்பக்கம் பென்சிலில் தமிழ் எழுத்து. எழுதியதை அடிக்கிறேன்.

“என்ன தம்பி, எந்த ஊருன்னு தெரியுதா?”

“கொழப்பமா இருக்குக்கா. கதவு ஒரு ஊரு, உடம்பு ஒரு ஊரு. ரெண்டையும் எப்போ சேத்தாங்கன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

கூச்சத்தோடு எழுந்திருக்கிறேன். அக்காவோ சிரிக்கிறார்.

“அதையே எழுதிக் குடுத்துருங்க தம்பி. எந்த ஊருன்னு தெரியுத வரைக்கும் எங் கொழுந்தன் வந்து அலமாரியத் தூக்க முடியாதுல்லா?”