செங்குறுமீனுக்கு ஒரு கோள்

ஆறு ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. சூரியனைவிடச் சிறியது, சிவப்பு, மங்கல். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நானும் பார்த்ததில்லை, அதைப் பற்றி எழுதியதோடு சரி. சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வானியல் கண்காட்சி வைத்தார்கள். நான்கு மொழிகளில் பலகைகள். தமிழ் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. ஒன்பதாவது பலகை அந்த நட்சத்திரம்.

அந்த வகை நட்சத்திரத்துக்கு ஆங்கிலத்தில் சிவப்புக் குள்ளன் என்று பெயர். கண்காட்சிக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், யாரையும் குள்ளன் என்று சொல்லக்கூடாது என்றார். நட்சத்திரம் வருத்தப்படாது என்றேன். "பிள்ளைங்க படிக்கிற இடம்மா," என்றார். 'செங்குறுமீன்' என்று மாற்றினேன். மீன் என்றால் நட்சத்திரம் என்பது பழந்தமிழ். தேக்கா சந்தையிலிருந்து பையோடு நேரே வந்தவர்களுக்கு அது பழந்தமிழாகத் தோன்றவில்லை. ஒரு பெண்மணி பலகையைப் படித்துவிட்டு இந்த மீன் கிலோ எவ்வளவு என்று கேட்டாராம். கேலியாகத்தான் கேட்டிருப்பார் என்று நம்பினேன்.

இதை என்னிடம் சொன்னவர் மண்டபத்தின் செக்யூரிட்டி அங்கிள். அறுபத்தெட்டு வயது, புக்கிட் மேராவில் தனியாக இருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். கண்காட்சி தொடங்கிய மூன்றாம் நாள் நான் போனபோது, பலகை முன்னால் நின்று நாலைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அது அவர் வேலையல்ல.

"இந்த ஸ்டாரைச் சுத்தி ஒரு கோள் இருக்கு. பூமியைவிடப் பெருசு. ஒரே குளிர்."

நான் எழுதியது 'ஒரு கோள் இருக்கலாம்' என்று. விஞ்ஞானிகளே அதற்கு மேல் சொல்லவில்லை. பலகையைப் பார்த்தேன். மரச்சட்டம் பொருத்தியபோது வரியின் கடைசி இரண்டெழுத்து சட்டத்துக்கு அடியில் போயிருந்தது. மிச்சம் 'ஒரு கோள் இருக்க'. அந்தக் கடைசி 'க'வை யாரோ நீலப் பேனாவால் 'கு' ஆக்கியிருந்தார்கள்.

"ஒரு எழுத்தைத் தப்பாப் போட்டுட்டாங்கம்மா. நான்தான் திருத்தினேன்," என்றார் அங்கிள்.

அவர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். குடித்து முடித்துவிட்டு, நான் எழுதியது 'இருக்கலாம்' என்று சொன்னேன்.

"அப்ப கோள் இல்லையா?"

"இல்லைன்னும் சொல்ல முடியாது அங்கிள். இருக்கலாம்."

"என்னம்மா இது. இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லாட்டி இல்லைன்னு சொல்லு லா."

நான் குழுவுக்குத் தகவல் சொன்னேன். இரண்டே நாளில் புதுப் பலகை வந்தது. என்னைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. அங்கிள் மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி வந்தானாம், தீவின் வடகோடியில், கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வேலை செய்கிறவன். அங்கிள் பேசியதை ஃபோனில் பதிவு செய்து ஊரில் இருக்கும் மகளுக்கு அனுப்புவதாகச் சொன்னானாம். வருகைப் பதிவேட்டில் பண்ணையின் பெயர் இருக்கிறது. அங்கிளுக்குப் புதன்கிழமை விடுமுறை.

"ஃபோன் பண்ணிச் சொல்லலாமே."

"நேர்ல சொன்னேன். நேர்லதான் திருத்தணும். நீங்க வாங்க, உங்களுக்குத்தான் விவரம் தெரியும்."

ஆக, நடுத்தர வயதில் ஒருத்தியும் அதைத் தாண்டிய ஒருவரும் கிராஞ்சிக்குப் போனோம், ஒரு கோள் உறுதியாகவில்லை என்று சொல்ல. ரயிலை விட்டு இறங்கினால் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடக் காத்திருப்பு. தொழிலாளர்களை ஏற்றிய லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு தூரம் தேவைதானா என்று கேட்டேன், கொஞ்சம் எரிச்சலோடு.

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "என் வைஃப் ஆஸ்பத்திரில இருந்தப்ப டாக்டர் இங்கிலீஷ்ல பேசுவாரு. அவளுக்கு நான்தான் தமிழ்ல சொல்வேன். குணமாகலாம்னு டாக்டர் சொன்னாரு. குணமாயிடும்னு நான் சொன்னேன். அவ அதை நம்பி மகன் கல்யாணத்துக்குப் புடவையெல்லாம் எடுத்து வச்சா."

பிறகு, "பஸ் வருது," என்றார். வந்தது வேறு பஸ்.

பண்ணையில் அந்தத் தம்பி செடித் தொட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அங்கிளைப் பார்த்ததும் பயந்துவிட்டார். மண்டபத்தில் ஏதோ காணாமல்போய்த் தன்னைத் தேடி வந்திருக்கிறோம் என்று நினைத்தாராம். அங்கிள் சட்டையைச் சரிசெய்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். நான் இடையிடையே தலையாட்டினேன். தம்பி கையுறையைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நான் பாப்பாகிட்ட இருக்குன்னு சொல்லலைங்க. இருக்காம்னுதான் சொன்னேன். நம்ம என்ன நேர்ல போயா பாத்தோம்?"

நான் மொழிபெயர்த்துப் பிழைப்பவள். அந்த 'இருக்காம்' எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தம்பி எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குவளை தண்ணீர் கொண்டுவந்தார். அங்கே போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கேட்டார். இன்றைய ராக்கெட்டில் போனால் பல்லாயிரம் வருடம் என்றேன். "லீவு கிடைக்காது," என்றார். அங்கிள் சிரித்தார். பலமாகச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டார்.

சில வருடங்கள் கழித்து, நட்சத்திரத்தின் மேற்பரப்பில் நடக்கும் மாற்றங்களைத்தான் கோள் என்று நினைத்துவிட்டார்கள், அந்தக் கோள் இல்லை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அப்போது அங்கிளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் அதே நட்சத்திரத்தை ஒட்டி நான்கு சின்னக் கோள்கள் இருப்பதாகச் செய்தி வந்தது. குளிரில்லை, கடும் வெப்பம். இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். செங்காங்கில் மகன் வீட்டோடு போய்விட்டிருந்தார், வேலையை விட்டுவிட்டார்.

பொறுமையாகக் கேட்டார். "தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

தம்பி ஊருக்கே திரும்பிப் போயிருந்தார். மூவரும் வீடியோவில் பேசினோம். நான் சொல்லி முடித்ததும் தம்பி மகளைக் கூப்பிட்டார். படம் நடுங்கியது. கல்லூரிக்குக் கிளம்பி நின்ற பெண் ஒருத்தி திரையில் வந்து வணக்கம் சொன்னாள். விண்வெளியில் இன்னும் ஆர்வம் உண்டா என்று அங்கிள் கேட்டார்.

"நான் காமர்ஸ் தாத்தா," என்றாள்.

"அதுவும் நல்ல படிப்புதான்," என்றார் அங்கிள்.