எந்தத் தெரு மேஸ்திரி?

என் பெயர் சாமிக்கண்ணு. மூன்றாம் வகுப்போடு படிப்பு போயிற்று. ஆனாலும் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் என் கை படாத மாடி வீடு குறைச்சல். பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் தளம் போடுகிற சென்ட்ரிங் மேஸ்திரி நான். நான் போட்ட தளம் ஒன்றுகூட இதுவரை ஒழுகியதில்லை. எந்த இன்ஜினீயரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

திருவந்திபுரம் போகும் சாலையில் சவுக்குத் தோப்பாகக் கிடந்த இடமெல்லாம் இன்று கீழே கடை, மேலே வீடு. அதில் கோவிந்தசாமியின் நாலு மாடிக் கட்டடத்துக்கு எல்லாத் தளமும் நான் போட்டதுதான். கீழே மருந்துக்கடை, ஜிம், பிரியாணிக்கடை. மூன்றாவது மாடியில் 'வீடு வாடகைக்கு' என்று ஒரு பலகை தொங்கியது.

என் மகள் ஜான்சி கலெக்டர் ஆபீசில் வேலை செய்கிறாள். மருமகன் துபாயில். அவள் இருக்கிற தரை வீட்டுக்குள் ஒவ்வொரு ஐப்பசியும் முழங்கால் தண்ணீர். போன மழையில் பிள்ளையின் புத்தகமெல்லாம் ஊறிப்போயின. அடுத்த மழைக்குள் மாடி வீடு பிடித்தாக வேண்டும். நான் கட்டின வீட்டை நான் கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவாரா என்று நானேதான் அவளை அழைத்துப்போனேன்.

முதல் மாடியில் குடியிருக்கிற கோவிந்தசாமி நாற்காலி போட்டார். டீ வந்தது. பேச்சுவாக்கில் கேட்டார்.

"சொந்த ஊரு புவனகிரி பக்கம்தான? ஊர்ல எந்தத் தெரு மேஸ்திரி?"

இரண்டு வருஷம் அவர் கட்டடத்தில் நின்றேன், ஒருநாளும் கேட்டதில்லை. நான் வளர்ந்த கதையைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஜான்சி என் காலை மிதித்தாள். நான் ஆரம்பித்தால் நிற்கிற ஆளா? காலனித் தெரு, கூரை வீடு, பதினோரு வயதில் ஜல்லி சுமந்தது, மகளைப் பட்டம் வாங்கவைத்தது, எல்லாம் சொன்னேன். சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, தெருவைக் கேட்டாலே போதும். அது எனக்குத் தெரியாததா? பெருமையில் மறந்துபோனேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணுமில்ல மேஸ்திரி. கறி மீனு ஆக்குனா மத்த குடித்தனக்காரங்க சங்கடப்படுவாங்க."

கீழேயிருந்து பிரியாணி வாசனை கும்மென்று வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் ஜான்சி, "யாருப்பா ஒங்கள அதெல்லாம் சொல்லச் சொன்னது? அடுத்த வீட்டுக்கு நான் மட்டும் போறேன்" என்றாள். அந்த ஆள் சொன்னதைவிட இதுதான் எனக்கு எரிந்தது. நடுரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

மறுவாரம் சிதம்பரம் சாலையில் ஒரு வீடு. அவள் மேலே போனாள், நான் கீழே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணாந்து பார்த்தால் தளத்தில் கம்பி தெரிகிறது. வேலையா அது? கால்மணி நேரத்தில் இறங்கி வந்தாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நம்ம தெருதான். வேற எதச் சொல்றது?"

வீடு இல்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. போனில் அடுத்த முகவரியைத் தேடிக்கொண்டே பின்னால் ஏறினாள். "வண்டிய எடுங்கப்பா. அங்க நீங்களும் மேல வாங்க."

புரட்டாசி பாதி போய்விட்டது. இன்னும் வீடு கிடைக்கவில்லை. கோவிந்தசாமியின் பலகை மூன்றாவது மாடியில், நான் போட்ட தளத்துக்குக் கீழே, மழை படாமல் அப்படியே தொங்குகிறது.