தேய்க்காத மருந்து

என் மேசை மேல் ஒரு பச்சைப் பாட்டில் இருக்கிறது. சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் போடுகிற சாதாரணத் தைலம். முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்தால் கற்பூர வாசனையோடு, கோவில்பட்டியை ஒட்டிய நாற்கரச் சாலையும், ஒரு வேப்பமர நிழலும், அங்கே நான் சிரித்த சிரிப்பும் வந்துவிடுகின்றன. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விருதுநகரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்று உண்டு. அச்சாபீஸ்காரர், பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர் என்று பலதரப்பட்ட ஆட்கள். தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ்கள் (பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்) பூட்டிக் கிடக்கும் வாரங்களில் கன்னியாகுமரிக்குப் போய், எங்கும் படுத்துறங்காமல் மறுநாளே, குறித்த நேரத்துக்குள் ஊர் திரும்புவார்கள். மடக்குக் கட்டிலோடு நான் பின்னால் வேனில் போவேன். நிற்கிற இடங்களில் கால் பிடித்துவிடுவது என் வேலை. கூலி வாங்கியதில்லை. மரியாதை நிறையக் கிடைத்தது. அதுதான் என்னைக் கொஞ்சம் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

குழுவில் எப்போதும் கடைசியாக வருகிறவரை எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிடுவார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் லோடு ஏற்றுகிறவர். "கப்பல்ல இருந்து கேப்டன்தான் கடைசியா இறங்கணுமாம்ல சார், அதான் இந்தப் பேரு" என்று அவரே விளக்கம் சொல்வார். கட்டிலில் ஏறுமுன் வேனின் இரும்புக் கதவில் உள்ளங்கையை ஒரு முறை வைத்து எடுப்பார். பட்டாசு அறைக்குள் நுழைகிறவர்கள் உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்காக வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவில்லை.

இரண்டு முறை பாதியில் வேனில் ஏறியவர். மூன்றாம் முறை, சைக்கிளிலேயே வந்து இறங்குவேன் என்று சொல்லி, மனைவியையும் மகளையும் விருதுநகரில் வந்து நிற்கச் சொல்லியிருந்தார்.

திரும்பும் வழியில், கோவில்பட்டிக்கு வெளியே அந்த வேப்பமரத்தடியில் படுத்தார். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. அதுவரை நான் வெறுங்கையால் அமுக்கித்தான் விட்டிருந்தேன். அன்று புதுப் பாட்டில் வாங்கி வைத்திருந்தேன். மூடியைத் திருகிக்கொண்டே, "மருந்து போட்டு நல்லாத் தேய்ச்சா சரியாப் போயிரும்" என்றேன்.

துள்ளி எழுந்து கட்டிலை விட்டே இறங்கிவிட்டார். முகம் வெளிறிப்போயிற்று.

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "என்ன கேப்டன், பட்டாசு ஆபீஸ்லயே கெடந்துட்டு, தைலப் பாட்டிலுக்கா இம்புட்டு பயம்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிப்பது போல உதட்டை அசைத்தார். "வேணாம் சார், நான் அப்படியே போயிர்றேன்" என்று ஷூவை மாட்டிக்கொண்டார்.

சாத்தூரை நெருங்கும்போது கெண்டைக்கால் சுண்டி இழுத்து, சைக்கிளோடு சரிந்து விழுந்தார். விருதுநகரில் அவர் வேனிலிருந்து இறங்கியபோது, மகள் கையிலிருந்த மாலையை அம்மாவின் பைக்குள் திணித்தாள். அதைப் பார்க்காதது போல நான் கட்டிலை மடக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த முறை சைக்கிள் ஓட்டாமல் வேன் ஓட்டி வந்த பள்ளி ஆசிரியர்தான் பிறகு சொன்னார். கேப்டனும் அவருடைய மச்சினனும் முன்பு மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர்கள். சீசன் அவசரத்தில், சல்லடையில் ஒட்டியிருந்த மருந்தை மச்சினன் அழுத்தித் தேய்த்துவிட்டான்; வெடித்த அறையோடு அவனும் போய்விட்டான். கேப்டன் அப்போது தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். "இந்தப் பக்கம் மருந்துன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று ஆசிரியர் கேட்டார்.

எனக்குத் தெரியும். அதுதான் என் குற்றம். வேலையில் இருந்த காலமெல்லாம் தீக்காயம் பட்ட கைகளை மடக்கி நீட்டப் பழக்கியவன் நான். "மருந்து உரசிருச்சு சார்" என்று எத்தனை வாய்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டதெல்லாம் வேலையோடு முடிந்துவிட்டது. வெடிமருந்துக்கும் தைலத்துக்கும் ஒரே சொல் புழங்குகிற ஊரில் பிறந்து வளர்ந்தவன், அந்தச் சொல்லைக் கேட்டு மிரண்ட ஒரு மனிதரைக் கேலி செய்தேன்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "தைலம்னு எனக்கும் தெரியும் சார். காது கேட்டுச்சு, காலு எந்திரிச்சிருச்சு. விடுங்க, காப்பி குடிக்கிறீகளா?" என்றார். பெருந்தன்மைதான். ஆனால் அடுத்த சில மாதங்கள் பயிற்சிக்கு அவர் வரவில்லை. வந்த பிறகும் என் கட்டில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நான் என் முறையை மாற்றிக்கொண்டேன். பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டேன். யாருடைய காலானாலும் தேய்ப்பதில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பேன், தசை இளகும்வரை காத்திருப்பேன், மெல்ல விடுவேன். "பிடிக்கிறேன்", "விடுறேன்" என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டன் தள்ளி நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து வேன் கதவைத் தொட்டுவிட்டு, கட்டிலில் படுத்தார்.

போன தீபாவளிக்குப் பின் அவர் சுற்றை முடித்தார். குறித்த நேரத்துக்குக் கொஞ்சமே மிச்சம் வைத்து, வழக்கம்போலக் கடைசி ஆளாக. "ஏலே, கப்பல் கரைக்கு வந்துருச்சுலே!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். இந்த முறை மாலை கழுத்துக்குப் போயிற்று.

மறுநாள் அந்த மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். ஆசிரியரும் கூட வந்திருந்தார். நாற்காலியிலிருந்து எழ முடியாமல் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டதைக் கேப்டன் கவனித்தார். மேசையில் பாட்டில் இருந்தது. எழுந்து போய் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். பிறகு என் முன்னால் தரையில் உட்கார்ந்து மூடியைத் திருகினார்.

"கேப்டன், பாத்துங்க. சார் வெடிச்சிரப் போறாரு" என்றார் ஆசிரியர்.

"வெடிச்சா மூணு பேரும் சேந்தே போவோம், பேசாம இருங்க" என்றார் கேப்டன். பாட்டிலைச் சட்டெனக் கவிழ்த்ததில் தைலத்தை நிறையவே ஊற்றிவிட்டார். முதலில் முட்டி மேல் கையைச் சும்மா வைத்திருந்தார். பிறகு மிக மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

பாட்டிலில் குறைந்திருக்கும் அந்தக் கால்வாசி, எந்தச் சைக்கிள்காரர் காலுக்கும் போனதில்லை.