கிடங்கு வாசலில் ஏழாவது பலகை

ராயபுரத்தில் நடந்த ஓட்டத்துக்குப் பலகைகள் எழுதித் தரும்படி என்னைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சிறுநீரகம் பழுதான ஏழைகளுக்கு உதவுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்த ஓட்டம் அது. வழியிலுள்ள பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் கதையைச் சொல்லும் ஒரு பலகை வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் வரலாறு படித்தவள். என்னை விட்டால் வேறு யார் எழுதுவது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தவறு இருந்ததாக இப்போதும் தோன்றவில்லை.

தூண் வரிசையுள்ள ரயில் நிலையம், மாதா கோயில், துறைமுகச் சாலையின் செங்கல் கட்டடங்கள் என்று ஆறு பலகைகளை நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஏழாவதற்கு நூலகம் தேவைப்படவில்லை. கல்மண்டபம் பக்கத்தில் இருந்த பழைய உப்புக் கிடங்கு அது. அதற்குள் தடுப்பு வைத்துப் பிரித்த பதினோரு வீடுகள். அதில் ஒன்றில்தான் நானும் அம்மாவும் இருந்தோம்.

கிடங்கின் பின்சுவரில், எங்கள் வீட்டுப் பகுதியில், தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே தினசரிக் காலண்டர் தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைப்பது எங்கள் வழக்கம். தாள் கிழிந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஒட்டிய தேதி தாளிலேயே இருக்கும். மழைக்காலத்தில் சீக்கிரம் கிழியும். அப்போது பாயை முன்பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வோம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கண்டுபிடித்த கருவி. ஊர் அதை அறியட்டும் என்று பலகையில் எழுதினேன்.

ஓட்டத்தன்று தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

“காலங்காத்தால இன்னாத்துக்கு ஓடுதுங்க? யார்னா தொர்த்துறாங்களா?” என்றார் ஒரு மீன்பாடி வண்டிக்காரர்.

“தொப்ப கரையணும்ல மாமு” என்றான் பக்கத்தில் நின்ற பையன்.

“ஹார்பருக்கு ஐஸ் பொட்டி தூக்க வரச் சொல்லு. ரெண்டே நாள்ல கரைஞ்சிரும்.”

அம்மா துறைமுக ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவள். கூடையை இறக்கிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பலகை முன்னால் வந்து நின்றாள்.

“இன்னாடி எழுதிக்கீற? பட்ச்சிக் காட்டு.”

அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி படித்தேன். தலையாட்டிக்கொண்டே கேட்டவள், காலண்டர் தாள் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“அத்த ஏன்டி எழுதுன? வூட்டு சமாச்சாரம் வூட்டோட போணும். கயட்டு அத்த.”

“உனக்குப் புரியாதும்மா” என்றேன், அத்தனை பேர் முன்னால். அந்த வாக்கியத்தை அம்மாவிடம் நான் கடைசியாகச் சொன்னது அன்றுதான்.

ஓடிவந்தவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவர் நின்று, பலகையை முழுதாகப் படித்து, போனில் படம் எடுத்தார். “நீங்களா எழுதுனீங்க? ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை அவர் ஜீப்பில் வந்தார். கட்டடங்களைச் சோதிக்கும் அதிகாரியாம். யாரிடமும் வழி கேட்காமல் நேரே எங்கள் வீட்டுப் பின்சுவருக்குப் போய், ஒட்டியிருந்த தாளை விரலால் தொட்டார். அது நடுவில் கிழிந்திருந்தது. அவர் போனில் என் பலகை தெரிந்தது. “நல்லவேளை எழுதுனீங்க. இது எப்ப வேணா விழும்” என்றார். அதைக் கேட்டது நானும் அம்மாவும் மட்டும். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

பத்தே நாளில் காலி செய்யச் சொல்லிக் கதவுகளில் தாள் ஒட்டினார்கள். மாற்று வீடு நகரத்தின் தெற்குக் கோடியில், ஒன்பதாவது மாடியில். விசைப்படகுகள் கரைக்கு வந்து ஏலம் கூவும் நேரத்தில் அங்கிருந்து பஸ்ஸே கிடையாது. அம்மாவின் தொழில் அந்தத் தாளோடு முடிந்தது. இப்போது அங்கே ஓர் அலுவலகத்தில் கழிவறை கழுவுகிறாள்.

யார் காட்டிக்கொடுத்தது என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தாள். சாக்கடை அடைப்பை எடுக்கச் சொல்லிப் போன மாதம்தான் மனு கொடுத்திருந்தாள். “அவதான். மனு குட்த்தா இல்ல? ஆபீசரு மோப்பம் புடிச்சிகினு வந்துட்டான்” என்று முடிவு கட்டினார்கள். அடிபம்பில் அவள் குடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அந்த மனுவில் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தெரியும், அதை எழுதிக் கொடுத்தவளே நான்.

“மா, நான்தான்னு சொல்லிடவா?” என்று கேட்டேன்.

அம்மா மீன் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “சொல்லி? அங்க போயும் இவங்க கூடத்தான் இருக்கணும். நீ ஒருத்தி பட்ச்சதே இவங்க கண்ண உறுத்துது. வாயத் தொறக்காத.”

நானும் திறக்கவில்லை. அம்மாவுக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பேருக்காகவும்தான்.

லாரி வந்த காலையில், எல்லார் சாமானையும் எல்லாரும் ஏற்றினார்கள். அக்காவின் பீரோ மட்டும் வாசலில் நின்றது. நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

“பட்ச்ச பொண்ணு நீ. நீயாச்சும் சொல்லுமே, நானா போட்டுக் குட்த்தேன்?” என்றாள் அக்கா.

“நீங்க இல்லக்கா.”

“பின்ன யாரு?”

“தெரியலக்கா” என்றேன்.

அம்மா எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்து பீரோவின் அடிப்பக்கத்தைப் பிடித்தாள். யாரும் யாரையும் பார்க்காமல் மூவருமாகத் தூக்கி ஏற்றினோம். அக்கா மூச்சிரைக்க எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கெடங்குலியே நீங்க ரெண்டு பேருதான் மனுசங்க” என்றாள்.