வெளுக்காத செவலைக் கன்று

நான் காங்கேயம் பக்கத்துக்காரி. எழுபதுகளின் கடைசியில் மோகனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டபோது, பிறந்த வீட்டுக் கிடாரி ஒன்றும் கூடவே வந்தது. கிளுவை முள்வேலி போட்ட வறண்ட மேய்ச்சல் காடுகளில் உருவான இனம். மழை பொய்த்தால் பனையோலையைத் தின்று தாக்குப்பிடிக்கும். ஏருக்கும் வண்டிக்கும் அதை அடித்துக்கொள்ள வேறு மாடு கிடையாது. பாலில் மட்டும் கஞ்சம்.

அந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் பலரும் ஜெர்சி சினை ஊசி போட்டு, குடம் குடமாகக் கறக்கும் கலப்பு மாடுகளுக்கு ஆசைப்பட்டார்கள். மாமனார் ஒப்பவில்லை. ஊசிக்குப் பிறக்கும் காளைக்குத் திமில் எழும்பாது, நுகத்தடி நிற்காது என்பார். கிடாரி பருவத்துக்குக் கத்திய அன்று அவர் ஊரில் இல்லை. கமுக்கமாக மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய் ஊசி போட்டுவிட்டேன். மறுநாள் காலை அவர் திரும்பியபோதும் மாடு கத்திக்கொண்டிருந்தது. தானே பொலிகாளையிடம் ஓட்டிப்போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

காளைக் கன்று பிறந்தது, செவலையாக. ஊசிக்குப் பிறந்ததா, காளைக்குப் பிறந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் இனத்துக் கன்றுகளும் செவலையாகப் பிறந்து, ஆறு மாதம் போலத்தான் வெளுக்கும்.

“வெளுத்துரும் பாரு அம்மணி” என்று மாமனார் தினமும் அதன் முதுகைத் தடவுவார். கிழடாகிவிட்ட வண்டி மாடுகளுக்குப் பதில் இதை வளர்க்க நினைத்திருந்தார். விடிந்ததும் நான் முதலில் பார்ப்பதும் அந்த முதுகைத்தான். பக்கத்துக் காட்டில் அதே மாதம் பிறந்த கன்று சாம்பல் பூத்துவிட்டது. எங்களுடையது செங்கல் நிறத்திலேயே நின்றது. மாமனார் தடவுவதை விடவில்லை, பேசுவதைத்தான் விட்டார்.

ஒரு நாள் மாமனார் மாட்டு வியாபாரி ஒருவரைக் கூட்டி வந்தார். வியாபாரி கன்றின் தோளை அழுத்திப் பார்த்தார்.

“திமிலே எந்திரிக்கலீங்களே. ஊசிக் கன்னுங்களா?”

மாமனார் என் பக்கம் திரும்பினார். “ஊசி போட்டியா அம்மணி?”

“இல்லீங்க மாமா.”

அவர் நம்பினார். அதுதான் வினையாகப் போயிற்று. தாய் மாட்டைப் பார்த்தார்.

“அப்போ தாயோட வம்சத்துலதான் கோளாறுங்க. ரெண்டையும் ஓட்டிக்கிட்டுப் போயிருங்க” என்றார் வியாபாரியிடம்.

வியாபாரி கொண்டுவந்திருந்தது அடிமாட்டு லாரி, ஏறினால் கசாப்புக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயத்திலும் வெட்கத்திலும் சொல்லாமல் விட்டேன். இன்றும் என்னை நானே மன்னிக்கவில்லை.

எங்கள் மாடு வேற்றாளைக் கிட்டே சேர்க்காது. வியாபாரி கயிற்றைத் தொட்டதும் கொம்பைத் திருப்பியது. அதனால் நானே அவிழ்த்துப் பிடித்துப்போய் லாரியில் ஏற்றினேன். என் பின்னால் பேசாமல் ஏறிக்கொண்டது.