ஷோரூம்காரர் வீட்டு ஓட்டைகள்

தெருவில் அவருக்கு ஷோரூம் என்றே பேர். மேசை நாற்காலி விற்கும் பெரிய கடையில், வந்த பொருளைப் பார்வைக்கு நிறுத்தி வைப்பது அவர் வேலை. லாரியில் இருந்து இறக்கும்போது பீரோவில் கீறல் விழுந்தால், கீறல் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துவார். திருப்பி நிறுத்த முடியாத இடத்தில் கீறல் என்றால் அதற்கு மெழுகுக் குச்சி இருக்கிறது. மரத்தின் நிறத்துக்கு மெழுகைத் தேய்த்து, அதன்மேல் விரல் நகத்தால் மரத்தின் வரிகளைக்கூட இழுத்து விடுவார். வாங்கியவர் அதைக் கண்டுபிடிக்கும்போது பீரோ அவர் வீட்டில் இருக்கும். கடைக்கும் அதற்கும் ஒட்டுறவு இருக்காது. முதலாளி இதைத் திறமை என்று சொன்னார். இவர் நம்பிவிட்டார். நம்பியதோடு நிற்காமல் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

அவர் வீட்டில் உடைந்த பொருள் ஒன்றும் கிடையாது. உடைந்த பக்கம் தெரியாத பொருள்கள்தான் உண்டு. சோபாவின் கிழிந்த கை சுவரோடு ஒட்டி நிற்கும். வருகிறவர் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவரே கை காட்டுவார். தவறி வேறொன்றில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் காரணம் உடனே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட வீட்டின் மேல்தான் ஒரு மாலையில் ஆலங்கட்டி மழை கொட்டியது.

மாடியில் ஒற்றை அறை. மேலே சிமெண்ட் ஷீட் போட்டிருந்தார்கள். அங்கேதான் அவர் மனைவி இரண்டு தையல் மிஷின்களை வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். வீட்டின் பாதிச் செலவுக்கு அந்த அறையில் இருந்துதான் பணம் வருகிறது; ஷோரூம் அதை வெளியில் சொல்வதில்லை. மழை விட்டதும் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். எலுமிச்சை அளவுக் கட்டிகள் ஷீட்டைப் பொத்துக்கொண்டு இறங்கி, துணிக் கட்டுகளின் மேல் கரைந்துகொண்டிருந்தன. நிமிர்ந்தால் துண்டு துண்டாக வானம் தெரிந்தது.

வீட்டுக் கடன் கொடுத்தபோது வங்கிக்காரன் கட்டாயப்படுத்தித் தலையில் கட்டிய காப்பீடு ஒன்று இருந்தது. அவள் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தாள். அவள் அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பதிவுக்குரல் சொன்னது. முக்கியம் என்பதால் காத்திருக்க வைத்தது. நடுவில் இசை போட்டது. கடைசியில் உயிருள்ள ஒருத்தி வந்து, சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருவார், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றாள்.

"காதுல விழுந்துச்சா? எதையும் தொடக்கூடாதாம்," என்றாள் மனைவி.

"வர்றவர் ஆபீசர். ஓட்டை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து உட்கார வைக்கச் சொல்றியா?"

"ஓட்டையப் பார்க்கத்தாங்க அவர் வர்றதே!"

"சரி சரி, எனக்குத் தெரியும். நீ போய் உன் வேலையப் பாரு."

அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. சீருடைக்கு நாள் குறித்தாகிவிட்டது. காய்ந்த துணியையும் ஒரு மிஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அதுதான் அவள் செய்த பிழை. புருஷனைத் தனியாக விட்டாள்.

ஷோரூம் கடைக்கு லீவு போட்டார். ஓட்டைகளின் மேல் வலைத்துணி ஒட்டி, சிமெண்ட் பால் பூசினார். பூசிய இடம் வெளுப்பாகத் தெரிந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கரித்தூளையும் மண்ணையும் குழைத்து, பழைய ஷீட்டின் அழுக்கு நிறம் வரும்வரை தடவினார். பாசி படர்ந்த இடத்தில் பாசி நிறம்கூடக் கொடுத்தார். உள்பக்கமும் அதே வேலை. மழைத் தண்ணீரைத் தாங்குமா என்று அவர் யோசிக்கவே இல்லை. அவர் ஒட்டு கண்ணுக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. எல்லாம் முடிந்ததும் உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் போட்டார். அறைக்கு ஊதுபத்தி காட்டாததுதான் பாக்கி.

எதிர்வீட்டுக்காரி அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். உடைந்த கூரை ஓடுகளையெல்லாம் வாசலில் குவித்து, நனைந்த மெத்தையை அதன்மேல் சாய்த்து வைத்திருந்தாள். சர்வேயர் முதலில் அங்கே போனார். குவியலைப் படம் எடுத்தார். மெத்தையைப் படம் எடுத்தார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது.

பிறகு இந்த வீட்டுக்கு வந்தார். மனைவியும் அக்கா வீட்டில் இருந்து அப்போதுதான் வந்து இறங்கினாள். மாடி அறைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தாள். துண்டு வானம் ஒன்றைக்கூடக் காணோம்.

சர்வேயர் பளபளக்கும் ஷூ போட்டிருந்தார். கூரையைப் பார்க்க வந்தவருக்கு ஏணியைக் கண்டாலே முட்டி வலித்தது. அறையின் நடுவில் நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அங்கிருந்தே கூரையை அளந்தார்.

"ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஒண்ணும் தெரியலையே. இதெல்லாம் பழைய ஒட்டு. வருஷக்கணக்கா இருக்கும். பாலிசில இதுக்கெல்லாம் இடமில்லம்மா."

மனைவி புருஷனைப் பார்த்தாள். ஷோரூமின் முகம் மலர்ந்திருந்தது. விவரம் தெரியாத யாரோ அல்ல, ஊர் ஊராகக் கூரை பார்த்த ஆள் சொல்கிறார், பழைய ஒட்டு என்று! அவர் வாழ்நாளில் அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. மனைவியின் தொழில் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனிதர் பூரித்துப்போய் நின்றார்.

"சொல்லுங்க," என்றாள்.

"என்னத்த?"

"இது பழசா? வாயத் திறந்து சொல்லுங்க. இல்ல, அதுக்கும் பட்டி பூசிட்டீங்களா?"

ஷோரூம் தொண்டையைச் செருமினார். "பழசு இல்ல சார். நான்தான் போட்டேன். இப்பத்தான், மழைக்கு அப்புறம்."

சர்வேயர் சிரித்தார். "போற வீட்டுல எல்லாம் இதத்தான் சார் சொல்றாங்க. எனக்கென்ன ஒட்டு தெரியாதா?"

தெரியாது என்பது அந்த அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் ரிப்போர்ட்டில் விழப்போகும் கையெழுத்து சர்வேயருடையது.

"ஏணியில ஏறுங்க," என்றாள் மனைவி.

"யாரு, நானா?"

"பின்ன, சாரா ஏறப்போறாரு? ஏறி நீங்க ஒட்டினத நீங்களே பிரிங்க. இன்னொரு மழை வந்தா இந்த மிஷினும் போச்சு. அப்புறம் உங்க சம்பளத்துல சோறு எப்படி வருதுன்னு நீங்களே பார்த்துக்குங்க."

தேய்த்து மடிப்பு வைத்த பேண்ட்டோடு ஷோரூம் வெளியே போய் ஏணியில் ஏறினார். பட்டித் தகட்டை ஒட்டின் அடியில் கொடுத்து நெம்பினார். முதல் ஒட்டு உள்பூச்சோடு உரிந்து விழ, வெயில் நேராக சர்வேயர் முகத்தில் அடித்தது. ஓட்டையின் விளிம்பு சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. சுற்றிலும் ஷீட் கறுத்திருந்தது. உடைந்து நாளாகவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஏணியில் ஏறாமலே கூரையைப் பார்க்க அந்த அதிகாரிக்கும் ஒரு வழி கிடைத்தது.

"ஓ," என்றார். படம் எடுத்தார்.

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி கீழே இருந்து குரல் கொடுத்தாள்: "என்னண்ணே, கூரை மேல கடை விரிச்சிட்டீங்க? இன்னைக்குத் தள்ளுபடியா?"

ஷோரூமுக்குக் காது சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு உரித்தார். நாலைந்து ஒட்டு உரித்த பிறகு, கேட்காமலே குனிந்து ஓட்டை வழியாகப் பேச ஆரம்பித்தார். "சார், அத விடுங்க, சின்னது. இங்க வாங்க, இது பாருங்க, நல்ல அகலம். இப்படி நின்னு எடுத்தீங்கன்னா வெளிச்சம் சரியா விழும்."

"போதும், இறங்குங்க," என்றாள் மனைவி. "இல்லாத ஓட்டையையும் வித்துடுவீங்க போல."

சர்வேயர் கூரை முழுவதையும் மாற்றித் தரலாம் என்று பதிந்துவிட்டு, ஷூவில் விழுந்த சிமெண்ட் தூளைத் தட்டிக்கொண்டு போனார். முதலில் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்ல அவருக்குச் சம்பளம் இல்லை.

மனைவி அறைக்குள் மிஷினை ஓட்டைகள் குறைவான மூலைக்கு இழுத்துப் போட்டாள். வெளியே எட்டிப் பார்த்தால் புருஷன் இன்னும் ஏணி உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் இறங்கல?"

"தெருவுல நிக்கிறவங்கல்லாம் உள்ள போகட்டும்."

"நல்லா இருக்கு. சும்மா நிக்கிறதுக்கு இந்தத் தார்ப்பாயையாவது விரிங்க. அந்தப் பக்கம் வானம் கருக்குது."

தார்ப்பாயைத் தூக்கி மேலே கொடுத்தாள். ஷோரூம் அதைப் பிரித்துப் பார்த்தார். ஒரு ஓரம் நீளமாகக் கிழிந்திருந்தது. கீழே தெருவைப் பார்த்தார். பிறகு, கிழிசல் தெருப்பக்கம் தெரியாமல், மிஷின் இருந்த மூலைக்கு நேர் மேலே வரும்படி திருப்பி, பொறுமையாக விரித்தார்.